ஐந்து ஒன்பது

ஞாயிறு இரவு எட்டு மணி.
சஸ்கட்டூனில் மைனஸ் முப்பத்தொன்று.
கொல்லையில் இரண்டு பாப்லர் மரங்களுக்கு நடுவே
எந்தத் துணியும் காயாத ஒரு கொடி,
என் ஆன்டெனா.

எண்பது மீட்டர் அலையில் தமிழ்க் கூட்டம்.
நடத்துவது நான். அதாவது
யார் முதலில், யார் அடுத்து, யாருக்குப் போதும்
என்று சொல்லும் வேலை.
கையில் ஒரு பென்சில், ஒரு பதிவேடு.
ஒருவர் வாயை அடைக்கும் பித்தான்
இந்தப் பெட்டியில் கிடையாது.
பொறுங்கள் என்பேன்.
பொறுத்தால் உண்டு.

அன்றைக்குச் சண்டை கம்பியின் உயரத்தைப் பற்றி.
முப்பதடி போதும் என்றார் மெடிசின் ஹாட் ஆரோக்கியராஜ்.
முப்பதடியில் மாடுதான் கட்டலாம் என்றார்
பிராண்டன் தவநேசன்.
மாட்டிலிருந்து மனிதருக்கு வர
ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.
பிறகு தவநேசன் ஒரு சொல் சொன்னார்.
ஆரோக்கியராஜின் தாயை,
தூத்துக்குடியில் மண்ணுக்குள் இருப்பவளை,
ஆயிரம் கிலோமீட்டர் பனிக்கு மேல்
இழுத்து வந்த சொல்.

இரைச்சல் மட்டும் கொஞ்ச நேரம்.
தண்டர் பேயிலிருந்து தனபாக்கியம் அக்கா
தொண்டையைச் செருமிவிட்டுப் போனார்.

"தவநேசன், கூட்டம் முடிந்ததும்
உங்களிடம் பேசுகிறேன்" என்றேன்.
20:14, வசை, என்று பதிவேட்டில் எழுதினேன்.
அவர் பெயருக்கு அடியில் இரண்டு கோடு.

"பேசுறதெண்டா இப்பவே பேசுங்கோ.
எல்லாருக்கும் முன்னால சொல்லிப்போட்டு
பிறகென்ன தனியா?"

எங்கள் ஊரில் பேசுவது பேசுவதுதான்.
அவர் ஊரில் பேசுவதென்றால் ஏசுவது.
விளக்கம் சொல்ல வாயெடுத்தேன்.
சொல்லவில்லை.
நான் நினைத்திருந்தது
அவர் ஊர்ப் பொருளைத்தான்.

"ஐந்து நிமிட இடைவேளை" என்று
பதிவேட்டை மேசையில் விட்டெறிந்துவிட்டு
அடுக்களைக்குப் போனேன்.
கெட்டிலைத் தட்டினேன். கோப்பையைத் தட்டினேன்.
நாய்க்குப் பிறந்தவன், என்றேன் சுவரிடம்.
கம்பி கட்டத் தெரிந்தவனுக்கு
நாக்கைக் கட்டத் தெரியவில்லை, என்றேன்.
இன்னும் நான்கைந்து.
நர்ஸ் வேலையில் பதினெட்டு வருடம்
முகத்துக்குப் பின்னால் சேர்த்து வைத்தவை.
தமிழில் சொல்ல எவ்வளவு சுகமாக இருந்தன!

தேநீரோடு திரும்பினால்
பெட்டியில் சிவப்பு விளக்கு.

பதிவேடு மைக்கின் மேல் விழுந்து கிடந்தது.
குற்றங்களின் கனம்
சாவியை அழுத்திப் பிடித்திருந்தது,
நான்கு நிமிடமாக.
எனக்கு யாராலும் சொல்லியிருக்க முடியாது.
அழுத்தியவருக்குக் காது கிடையாது
இந்தப் பெட்டியில்.
சொல்லிக்கொண்டே கேட்க வழியில்லை.

பதிவேட்டை எடுத்தேன். விளக்கு அணைந்தது.
இரைச்சல். புல்வெளி முழுக்கப் பனி விழும் சத்தம் போல
ஒன்றுமில்லாத சத்தம்.
ரேடியோவை அணைத்துவிட்டு
உரிமத்தைத் திருப்பி அனுப்பிவிடலாமா என்று
ஒரு கணம்.

அப்புறம் பிராண்டனிலிருந்து,
விதிப்படி, முதலில் தன் அழைப்புக் குறியைச் சொல்லி,
"நடத்துநர் அவர்களே,
உங்கட சத்தம் ஐந்து ஒன்பது.
தெளிவு ஐந்து, வலு ஒன்பது.
ஒரு சொல்லும் தவறேல்லை."

விட்டுப்போகவில்லை என்றாரா,
பிழையில்லை என்றாரா?
கேட்கவில்லை நான்.
மெடிசின் ஹாட்டில் யாரோ சிரிப்பை அடக்க முயன்று
சாவியை அழுத்திவிட்டார்.

20:41, வசை.
இந்த முறை என் பெயர்.
கோடு போடப் பென்சிலை வைத்தேன்,
முனை உடைந்தது.

"ஆரோக்கியராஜிடமும் உங்களிடமும்
மன்னிப்பு" என்றேன்.
"என் பங்குக்கு மட்டும்."

"என்ர பங்கு என்னட்டை இருக்கு" என்றார்.
"பொறுங்கோ, வாறன்."

சாவியை விட்டேன்.
அவருக்கும் மெடிசின் ஹாட்டுக்கும் நடுவே இருந்த
இருட்டு அவ்வளவையும்
கேட்டுக்கொண்டிருந்தேன்.